கதவில்லாத ஓடு

அந்தக் காலத்தில், கண்ணுக்கே தெரியாத கடல் உயிர்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. அவற்றில் சாட்டைவால் கூட்டம் என்று ஒன்று இருந்தது. இடுப்பைச் சுற்றி ஒரு சாட்டை, பின்னால் ஒரு சாட்டை. இரண்டையும் வீசிக்கொண்டு பம்பரமாய்ச் சுற்றுவதும் இருட்டியதும் மின்னுவதும்தான் அவற்றின் பிழைப்பு.

குளிர் வந்து இரை அற்றுப்போனால், ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஓர் ஓடு கட்டிக்கொண்டு அடிச்சேற்றில் போய்த் தூங்கும். எல்லா ஓடும் ஒரே மாதிரி உருண்டை, வழவழப்பு. கதவு கிடையாது. உள்ளிருந்து என்ன முட்டினாலும் உடையாது, அப்படி ஒரு கெட்டி! அதனால் ஒருத்தி மட்டும் தூங்காமல் காவல் இருப்பாள். வெதுவெதுப்பு திரும்பியதும் வெளியிலிருந்து ஒவ்வொன்றாக அடித்து உடைத்துவிட வேண்டியது அவள் வேலை. காவல்காரியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டில் ஓர் அடையாளம் வைப்போமே என்று மட்டும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. நாமெல்லாம் ஒன்று என்று பெருமை வேறு!

அந்த வருஷம் காவல் முறை சுழலிக்கு வந்தது. அவளுக்கு இருந்தது ஒரே தங்கை, நுரைச்சி. மீன் நிழல் பட்டாலே அழுகிற பிறவி.

"அக்கா, உள்ளே ஒரே இருட்டா இருக்குமே. என்னை மறந்துட மாட்டியே?"

"அடி தொட்டாச்சிணுங்கி, முதல்ல உன்னைத்தான் உடைப்பேன். போதுமா? பேசாம தூங்கு."

குளிர் போயிற்று. ஆனால் ஆற்றில் வெள்ளம் புறப்பட்டு, சேறும் சகதியுமாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் உடைக்காவிட்டால் எல்லாரும் உயிரோடு புதைந்துபோவார்கள். சுழலி பதறிக்கொண்டு கீழே போனாள். வரிசையாகக் கையில் கிடைத்ததை உடைத்துக்கொண்டே போயிருக்கலாம். வாக்குக் கொடுத்திருந்தாளே!

"நுரைச்சி! எங்கேடி இருக்கே?" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். எல்லா ஓட்டுக்குள்ளிருந்தும் அழுகை கிளம்பியது. "நான்தான்க்கா நுரைச்சி! சீக்கிரம்க்கா!" அந்தக் கெட்டிச் சுவருக்குள் எல்லார் குரலும் ஒன்றுபோலவே கேட்டது. ஒன்றை உடைத்தாள். வேறு எவளோ வெளியே வந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள். இன்னொன்றை உடைத்தாள். அதுவும் பொய்தான். உயிருக்குப் பயந்தவள் என்னதான் சொல்லமாட்டாள்?

ஓர் ஓட்டிலிருந்து மட்டும் நிதானமான குரல் வந்தது.

"அக்கா, நான் தாங்கிக்குவேன். பக்கத்துல ஒருத்தி முட்டி முட்டித் துவண்டுட்டா. முதல்ல அவளைப் பாரு."

சுழலி ஒரு கணம் நின்றாள். 'இவள் நுரைச்சி இல்லை. அவளாக இருந்தால் இந்நேரம் அழுது ஊரைக் கூட்டியிருப்பாள்' என்று நினைத்தாள். அந்த ஓட்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போனாள்.

அடுத்த ஓட்டுக்குள் கிடந்தவள் அரை உயிராய் வெளியே வந்து கேட்டாள்: "நுரைச்சியைத் திறந்தாச்சா அக்கா? பக்கத்துல இருந்து தட்டித் தட்டி எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தாளே. அவ இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்."

சுழலி திரும்பிப் பாய்ந்தாள். அதற்குள் வெள்ளச் சேறு அங்கே இறங்கி மூடியிருந்தது. சாட்டையால் சேற்றைத் தோண்ட முடியுமா? தோண்டினாள். தோண்டத் தோண்ட மேலே வந்து விழுந்தது. அடியில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"பாவி, என் தங்கச்சி பக்கத்துலயே நின்னேனே! அவ தைரியசாலின்னு எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று சுழலி கதறினாள். பிழைத்தவர்களைப் பார்த்து, "இனி எவளும் எவளையும் நம்பித் தூங்காதீங்க. உங்க உங்க கதவை நீங்களே வைச்சுக்குங்க" என்றாள். அதன்பிறகு அவள் மின்னவே இல்லை.

அன்று முதல்தான் சாட்டைவால் கூட்டம் ஓடு கட்டும்போதே, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படி ஒரு கதவு கீறிக்கொள்கிறது. ஒரு குலத்துக்கு உச்சியில், ஒரு குலத்துக்குத் தோளில். போதாததற்கு முள்ளும் கொம்பும் வேறு. அந்தச் சேறு இறுகிக் கல்லாகிவிட்டது. இன்று அந்தக் கல்லை அமிலத்தில் கரைத்து, கரையாமல் மிஞ்சும் ஓடுகளை நுண்ணோக்கியில் ஆராய்கிறவர்கள் கதவு எங்கே என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அதை வைத்துத்தான் குலம் பிரித்துப் பெயர் சொல்கிறார்கள்.

எப்போதாவது முள்ளும் இல்லாமல் கதவும் இல்லாமல் வழவழவென்று ஓர் உருண்டை ஓடு அகப்படும். திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இன்னாருடையது என்று சொல்ல முடியாது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார்கள்.