பச்சைக்கு மாறாத லைட்டு

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாளாம். காட்டு ஊரு இல்லடி, பட்டணம்தான். கன்டெய்னர் லாரி கடகடகடன்னு ஓடிட்டே இருக்கிற ரோட்டோரம், மூணாவது மாடி வீடு. அம்மா பேரு வெண்ணிலா. அவளுக்கு நாலு வயசுல ஒரே பொண்ணு, யாழி. எங்க, "ம்" காணோம்? ஆங், அப்படிச் சொன்னாத்தான் கதை நகரும்.

அந்த யாழிக்கு இளைப்பு. மூச்சு விட்டா நெஞ்சுக்குள்ள கீய்ங் கீய்ங்னு சத்தம் கேக்கும். ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரம்மா பாத்துட்டு, "மருந்தை விடாம குடுங்க. ஆனா லாரிப் புகையும் தூசியும் இப்படி உள்ள போயிட்டே இருந்தா மருந்து மட்டும் என்ன பண்ணும்? திங்கக்கிழமைக்குள்ள அடங்கலைன்னா ஆஸ்பத்திரியில சேத்துடலாம்"னுட்டாங்க. வெண்ணிலா வீடு வர்ற வரைக்கும் புள்ளையைத் தோள்ல இருந்து இறக்கவே இல்ல.

அப்போ அவ புருஷன் கதிரவன் கடைக்கு ஓடிப்போய் ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கிட்டு வந்தான். அது ஏசி மாதிரி குளிர வைக்காது. வீட்டுக் காத்தை உள்ள இழுக்கும். உள்ள ஒரு ஃபில்டர் இருக்கும், அது கண்ணுக்கே தெரியாத தூசியையெல்லாம் பிடிச்சு வச்சுக்கும். மிச்சக் காத்தை வெளிய விடும். நாம டீ வடிகட்டுறோம்ல, அந்த மாதிரி. முன்னாடி ஒரு லைட்டு. காத்து மோசம்னா செவப்பு, நல்லா இருந்தா பச்சை. வெண்ணிலாவே பெட்டியைப் பிரிச்சா, அவளே பிளக்கை மாட்டினா. ஞொய்ய்ய்னுச்சு. லைட்டு செவப்பு.

சனிக்கிழமையும் செவப்பு. ஜன்னலையெல்லாம் பட் பட்டுனு சாத்தினா. கதிரவன் வாசல்ல துண்டை உதறினான்னு அவனை ஒரு பிடி பிடிச்சா. அப்புறம் யாழி நெஞ்சுல காதை வச்சா. கீய்ங்.

ஞாயித்துக்கிழமை காலையில எதிர் வீட்டு குணவதியக்கா சாம்பிராணி போட்டாங்க. இவ பாஞ்சு போய், "எம்புள்ள மூச்சுத் திணறுது, உங்களுக்குப் புகை கேக்குதாக்கா?"ன்னு கத்திட்டா. பாவம் அந்தக்கா, முழிச்சுக்கிட்டே தண்ணி ஊத்தி அணைச்சாங்க, சுஸ்ஸ்ஸ். லைட்டு? நீயே சொல்லு. ம், செவப்புதான்.

அப்புறம் மத்தியானம் தாளிக்கிறதையே நிறுத்திட்டா. கடுகு இல்ல, மிளகாய் இல்ல, பச்சத்தண்ணி மாதிரி ஒரு ரசம். கதிரவன் ஊறுகாயைத் தொட்டுக்கிட்டு சாப்பிட்டான். லைட்டும் மாறல, கீய்ங்கும் போகல. புள்ளை இன்னும் வேகமா இளைச்சா. வெண்ணிலா ஆஸ்பத்திரிக்கு பையில துணி அடுக்க ஆரம்பிச்சுட்டா. ஒரே கவுனையே மடிச்சா, பிரிச்சா, திரும்ப மடிச்சா.

"இந்த மிஷின் கெட்டது, கடையில திருப்பிக் குடுத்துட்டு வரேன்"னு கதிரவன் அதைத் தூக்கினான். பின்மூடி டப்புனு கழண்டு விழுந்துச்சு. அவன் குனிஞ்சு பாத்தான்.

"வெண்ணிலா, ஃபில்டர் மேல இருக்கிற பாலித்தீன் கவரை ஏன் பிரிக்கல?"

"புதுசாச்சே... அழுக்காயிடும்னு நாந்தான் விட்டு வச்சேன்."

கேட்டியா கூத்தை! நம்மாளுங்க ரிமோட்டுக்கே சட்டை போட்டு விடுறவங்க ஆச்சே, இவ மட்டும் எப்படிப் பிரிப்பா?

கதிரவன் திட்டல. "அழுக்காகுறதுதாம்மா அதுக்கு வேலையே"ன்னு மட்டும் சொன்னான். அது போதும், அவ பொலபொலன்னு அழுதுட்டா. ரெண்டு நாளா ஊரையே வஞ்சா, தப்பு அவ கையில இருந்துச்சு. பர்ர்ருனு கவரைக் கிழிச்சா. மிஷின் ஹூஊஊன்னு காத்தை இழுத்துச்சு. செவப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம்... ஆமா, பச்சை! ஓடிப்போய் குணவதியக்கா கையைப் பிடிச்சு, "மன்னிச்சுருக்கா"ன்னா.

ஆனா லைட்டு பச்சையானா போதுமா? புள்ளைக்கு அடங்கணுமே. மருந்தும் குடுத்தாங்க, கதவையும் சாத்தி வச்சாங்க. திங்கக்கிழமை விடிஞ்சுது. வெண்ணிலா யாழி நெஞ்சுல காதை வச்சா. சத்தமே இல்ல. ஐயோன்னு பயந்துட்டா, இன்னும் அழுத்தி வச்சா. மெதுவா ஏறுது, மெதுவா இறங்குது. கீய்ங் இல்லவே இல்ல. நம்ப முடியாம, தன் மூச்சையும் பிடிச்சுக்கிட்டு அப்படியே கிடந்தா.

யாழி கண்ணைத் திறந்து, அம்மா கன்னத்தைத் தட்டுனா.

"அம்மா, நீ மூச்சு விடும்மா."

அவ்ளோதான் கண்ணு கதை. என்ன, "ம்" வரல? சரி சரி, தூங்கு.