ஓனர் வீட்டில்தான் இருக்கிறார்

கரூரில் ஒரு வீட்டு மாடியில் பிச்சாண்டி, மூக்கையா, சடையப்பன் என்று மூன்று மேதைகள் குடியிருந்தார்கள். கல்யாணமாகாத பயல்களுக்கு அந்த ஊரில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது. செருப்புத் தேய அலைந்து பிடித்த வீடு. அதனால் ஓனர் அருணகிரி இருமினால்கூட மூவரும் எழுந்து நிற்பார்கள்.

ஒருநாள் அருணகிரி சம்சாரத்தோடு பழனிக்குக் கிளம்பினார். போகும்போது கேட் சாவியைப் பிச்சாண்டியிடம் நீட்டினார்.

"நான் இல்லைன்னு தெரிஞ்சா திருடன் வந்துருவான். நான் இருந்தா வீடு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கோணும். முன்னப்பின்ன தெரியாதவன் எவனையும் உள்ளே விடாதீங்க. ஒரு சொம்பு காணாமப் போனாலும் அன்னைக்கே காலி!"

உடனே சபை கூடியது.

"ஓனர் இருந்தா வீட்டுல என்னடா இருக்கும்?" என்றான் பிச்சாண்டி.

மூக்கையா நெடுநேரம் யோசித்தான். "ஓனர் இருப்பாரு."

"அப்ப நம்மள்ல ஒருத்தன் ஓனராகோணும்."

"தொப்பை யாருக்கு இருக்குது?" என்றான் சடையப்பன்.

இருவரும் பிச்சாண்டியைப் பார்த்தார்கள். வீடு கையில் தங்க வேண்டுமே! கொடியில் காய்ந்த ஓனர் வேட்டியைக் கட்டிக்கொண்டு, வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

ஓனர் தினமும் செய்கிற முதல் வேலை, முருங்கை இலை இந்தப் பக்கம் உதிர்வதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை. பிச்சாண்டி அதைக் குறைவில்லாமல் செய்தான். "அந்தாளு ஊருக்குப் போயும் எனக்கு விடிவு இல்லையா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். மத்தியானம் தெருமுனை வரை கேட்கிற மாதிரி குறட்டை விட்டான். "அப்படியே ஓனருதான்!" என்று மற்ற இருவரும் பூரித்துப் போனார்கள்.

மறுநாள் மூக்கையா மோட்டாரை நிறுத்த மறந்து டேங்க் வழிந்தது. பிச்சாண்டிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"மூணு பேரும் வீட்டைக் காலி பண்ணுங்கடா!"

"அந்த மூணுல நீயும் ஒருத்தன்டா," என்று மூக்கையா அழுதான்.

பிச்சாண்டிக்கும் அழுகை முட்டியது. ஆனால் ஓனர் சொன்ன சொல் மாறமாட்டார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பெட்டியையும் தானே கட்டி, அவர்கள் பெட்டிகளோடு கேட்டுக்கு வெளியே வைத்தான். இருவரும் பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். பிச்சாண்டி உள்ளே வந்து மறுபடி நாற்காலியில் அமர்ந்தான்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் அருணகிரி. பழனியில் மொட்டை போட்டிருந்தார். மீசையும் முருகனுக்கே போயிருந்தது. சம்சாரம் அங்கே அக்கா வீட்டில் தங்கிவிட்டாள்.

"டேய், கேட்டைத் திறடா!"

"யாருங்க நீங்க?"

"நான்தான்டா ஓனர்!"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஓனருக்குத் தலையில முடி இருக்குமுங்க," என்றான் சடையப்பன். "அதா, நாற்காலியில இருக்காரு பாருங்க."

பிச்சாண்டி தொண்டையைச் செருமினான். "மாடி இப்பத்தான் காலியாச்சு. வீடு வேணுமா? குடும்பம் எங்கே?"

"பழனியில!"

"அப்பக் கிடையாது. தனி ஆளுக்கு விடறதில்லை. இவனுகளுக்கு விட்டுப் பட்டதே போதும்."

அருணகிரி தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிச்சாண்டிக்கு மனசு இளகிப்போனது. வீடு இல்லாதவன் பாடு அவனுக்குத் தெரியாதா? ஆனால் இருட்டுவதற்குள் அவனும் ஒரு வீடு பார்த்தாக வேண்டும். வேட்டியை அவிழ்த்துப் பழையபடி கொடியில் போட்டான். கைலிக்கு மாறினான். கேட்டைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து அருணகிரியின் கையில் வைத்தான்.

"அண்ணா, நாங்க வீடு தேடப் போறமுங்க. நீங்க எப்படியும் இங்கதான இருக்கீங்க, ஓனர் வந்தா இதைக் குடுத்துருங்க. ஆனா சாக்கிரதை! மொட்டைத் தலையன் ஒருத்தன் நான்தான் ஓனருன்னு சொல்லிட்டுத் திரியறான். அவன் கையில மட்டும் குடுத்துராதீங்க!"