முப்பத்தொன்பது இடது கண்கள்

ஒரு மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் முப்பத்தொன்பது கண்கள் குடியிருந்தன. பக்கத்துக்கு ஒன்று. எல்லாமே இடது கண்.

ஏன் வலது கண் இல்லை என்று அவற்றில் ஒன்றுக்கும் தெரியாது.

"நான் யாரோட கண்ணு?" என்று கேட்டது முதல் பக்கத்துக் கண்.

"என் கதையே எனக்குத் தெரியல, உன் கதைய எங்க சொல்ல?" என்றது பன்னிரண்டாம் பக்கத்துக் கண். "எனக்குப் புருவம்கூட பாதிதான்."

"ஆம்பளையா பொம்பளையான்னாவது தெரியுமா?"

"இமையில கறுப்பு இருக்கு. அது மையா, பென்சில் அழுத்தினதான்னு புரியல."

நோட்டுக்குச் சொந்தக்காரர் இருதயராஜ். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். ஞாயிறு மதியம் மட்டும் வரைவார். யாரும் வரையச் சொல்லவில்லை. ஆசை, அவ்வளவுதான்.

முகத்தில் எது எங்கே வரும் என்று முதலில் லேசாகக் கோடு போட்டுக்கொள்ள மாட்டார். நேராக இடது கண்ணில் இறங்கிவிடுவார். இமைமுடி ஒவ்வொன்றாக வைத்து, கருவிழிக்குள் வெளிச்சப் புள்ளி வரை முடித்துவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, அது நன்றாகவே வரும். வம்பே அங்கேதான். பிறகு வலது கண்ணை வைத்தால் அது இதோடு சேராது. அழிப்பார். மறுபடி வைப்பார். மறுபடி அழிப்பார். தாள் நார் நாராக வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

இப்போது மிச்சம் ஒரே ஒரு பக்கம்.

அந்த ஞாயிறு அவர் மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னது இழுப்பறைக்குள் எல்லாருக்கும் கேட்டது.

"இதுவும் வரலைன்னா நோட்டப் பழைய பேப்பர்காரர்ட்ட போட்டுரு. நான் இதுக்கு லாயக்கில்ல."

"உங்கள யாரு பரீட்சையா எழுதச் சொன்னா?" என்றார் ஜெசிந்தா. "சும்மா உக்காந்து வரைங்க. என்னையே வரைங்க. நான் பூண்டுதான உரிக்கிறேன், எங்கயும் ஓடிர மாட்டேன்."

முப்பத்தொன்பது கண்களுக்கும் பயத்தில் இமைக்க மறந்துபோனது. முகமே பார்க்காமல் மூட்டைக்குள் போவதா?

"எல்லாம் இந்த ரப்பரால வந்தது," என்றது பென்சில். "நான் போடப் போட நீ தின்னுக்கிட்டே இருக்க."

ரப்பர் தேய்ந்து புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. "நானா வர்றேன்? கூப்பிடுறாரு, வர்றேன். நீ ஒழுங்கா போட்டா எனக்கென்ன வேலை?"

"ஒழுங்குன்னா எது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமத்தான் இத்தன நாள் அழிச்சியா?"

ரப்பர் ஒரு மூலைக்கு உருண்டது.

இழுப்பறை திறந்தது. கடைசிப் பக்கத்தில் நாற்பதாவது இடது கண் பிறந்தது. வழக்கம்போல அழகு. பிறகு வலது கண் வந்தது. கொஞ்சம் கீழே இறங்கி, கொஞ்சம் பெரிதாக.

"நீ தப்பா வந்துட்டியா?" என்றது இடது கண்.

"தெரியல. நீ சரியா?"

"அதுவும் தெரியல. நானும் இப்பதான வந்தேன்."

இருதயராஜ் ரப்பரை எடுத்தார். ரப்பருக்கு ஒரே குழப்பம். அழிப்பதா? எதை நம்பி அழிப்பது? பென்சில் கேட்ட கேள்வி வேறு உள்ளே குத்தியது. விரல் இடுக்கில் நழுவி, மேசையிலிருந்து குதித்து, உருண்டு பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"ஜெசி, ரப்பர் பீரோவுக்கு அடியில போயிருச்சு!"

"அத நகர்த்த நாலு ஆள் வேணும். என் கையெல்லாம் பூண்டு. நீங்க மூக்க வரைங்க."

வேறு வழி தெரியாமல் மூக்கை வரைந்தார்.

"நான் எந்தக் கண்ண நம்பி நிக்கிறது?" என்றது மூக்கு.

"நடுவுல எங்கயாவது நில்லு," என்றன இரண்டும். வாய் வந்தது. முடி வந்தது. முதல்முறையாகக் கழுத்துவரை வந்தது.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தார். "யாருங்க இவ?"

"நீதான்."

"நானா? துளிகூட என்ன மாதிரி இல்ல."

இருதயராஜின் முகம் விழுந்தது. ஆனால் ஜெசிந்தா நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆனா யாரோ ஒருத்தி இருக்கா. பொல்லாதவ. ஒண்ணு சொன்னா நாலு திருப்பிச் சொல்லுவா போல." சிரித்தார். "இவ பேரு என்ன?"

ஒற்றைக் கண்ணைப் பார்த்து அப்படி யாரும் கேட்டதே இல்லை. இருதயராஜுக்கு இன்னொரு முகம் போட வேண்டும்போல இருந்தது. காலிப் பக்கம் தேடினார். இல்லை. சற்று யோசித்தவர் முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

பென்சில் முனை இறங்கி வருவதை முதல் கண் பார்த்தது. "ஐயோ, கோணலா வருதே!"

"தாளே நார் நாரா கெடக்கு. கோணலாத்தான் வரும்," என்றது பென்சில். "வேணுமா, வேண்டாமா?"

"வேணும் வேணும். சீக்கிரம் போடு."