ஓட்டுநர் ஆசனத்தில் செப்பேடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவின் உயிருக்கு ஒரு செப்பேடு விலை என்று தீர்ந்தது. பேரத்தை முடித்தவர் மந்திரி தாண்டவராயர்.

அந்த ராஜாவிடம் பறக்கும் மரத்தேர் ஒன்று இருந்தது. முத்திருளன் என்பவன் அதை வெகுநாளாக ஓட்டி வந்தான். திடீரென்று ராஜாவுக்கு ஓர் ஆசை: "நம்மை ஆகாயத்தில் சுமப்பவன் பட்டதாரியாக இருந்தால்தானே நமக்குக் கௌரவம்?"

மந்திரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கலாசாலையில் தர்க்கம் படித்துப் பட்டத்துக்கு அடையாளமாகச் செப்பேடு பெற்றவரே தேரோட்டலாம் என்று ஆணை பிறந்தது. மந்திரியின் தங்கை மகன் அம்பலவாணன் போன மாதம்தான் செப்பேடு வாங்கியிருந்தான்.

"பிரபு, கையைப் பார்க்காமல் ஏட்டைப் பார்த்து ஆள் எடுக்கலாமா?" என்றான் அரண்மனை விகடன் சாத்தப்பன்.

மந்திரி சிரித்தார். "அவ்வளவு சந்தேகமா? நாளை அம்பலவாணன் ஓட்டும் தேரில் மன்னரோடு விகடனாரும் ஏறட்டும். பயமென்றால் உத்தியோகத்தை விட்டுவிடட்டும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா.

சாயங்காலம் அம்பலவாணனே சாத்தப்பன் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, ஏணியில நாலு படி ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். மாமாகிட்ட சொன்னா, 'இவ்வளவு படிச்சவனுக்கு ஒரு தேர் என்ன பெரிசா'ங்கறார். நான் போறதுமில்லாம ராஜாவையும்ல கூட்டிட்டுப் போயிருவேன்!"

"நீ படிச்சதுல இதுக்கு ஒண்ணுமே இல்லையா தம்பி?"

"தேர் விழும்னு நிரூபிக்கத் தெரியும். விழாமப் பாத்துக்கத் தெரியாது."

"செப்பேட்டை மட்டும் கொடு. போய்த் தூங்கு."

அந்தக் கலாசாலையில் ஒரு வழக்கம் உண்டு. சபைக்கு வர முடியாத பட்டதாரி தன் செப்பேட்டை அனுப்பிவிடுவார். அது அவர் ஆசனத்தில் அமரும். மாலையும் தாம்பூலமும் அதற்கே. ஏடு வந்தால் ஆள் வந்ததாக அர்த்தம்.

மறுநாள் தேரின் ஓட்டுநர் ஆசனத்தில் செப்பேடு இருந்தது, கழுத்தில்லாமலே மாலை போட்டுக்கொண்டு. பின்னால் சாத்தப்பன் உட்கார்ந்திருந்தான்.

"அம்பலவாணன் எங்கே?" என்றார் ராஜா, படியில் ஒரு கால் வைத்தபடி.

"வந்தாயிற்று பிரபு. மந்திரியார் தாம்பூலம் கொடுத்தால் புறப்பட வேண்டியதுதான்."

மந்திரி கொதித்தார். "என்ன கூத்து இது! செம்புத் தகடு தேர் ஓட்டுமா? கயிறு பிடிக்கக் கை வேண்டாமா?"

"அந்தக் கையைத்தான் ஆணையில் யாருமே கேட்கவில்லை, ஐயா."

ராஜா காலைப் பின்னுக்கு இழுத்தார். ஆகாயத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கிரீடம் நழுவச் சிரித்தார். "படித்தவனோ படிக்காதவனோ, வெறுந்தேரைக் காற்றில் ஏற்றி இறக்கிக் காட்டட்டும். அப்புறம் நம்மை ஏற்றலாம்."

"அப்படியானால் படிப்பு வீணா, பிரபு?" என்றான் சாத்தப்பன்.

"யார் சொன்னது? அம்பலவாணன் நாளை முதல் சபைக்கு வரட்டும். உம்மோடு வாதாட ஓர் ஆள் வேண்டும்."

முத்திருளன் வந்து வெறுந்தேரை ஏற்றி இறக்கிக் காட்டினான். ராஜா தம் முத்துமாலையைச் சாத்தப்பன் கழுத்தில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். மந்திரி வயிறு சரியில்லை என்று கீழேயே நின்றுவிட்டார்.

மேலே போனவர்கள் மூன்று பேர். கீழே வந்தவர்களும் மூன்று பேர். கணக்கு நேர்.