எல்லோரும் அரசர்

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து நாடு ஒன்றை வல்லபராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். வணிகர் ஒருவர் பரிசளித்த ஆளுயரக் கண்ணாடியில் தம்மைத் தலை முதல் கால் வரை பார்த்தவர், அப்படியே சொக்கிப்போனார்.

"அமைச்சரே, நம் அதிகாரிகள் அனைவரும் என்னைப் போலவே இருக்க வேண்டும்" என்றார்.

தலைமை அமைச்சர் கோவிந்தராயர் சட்டென்று முன்னால் வந்தார். பெரிய ஏரியின் மதகு அதிகாரி செங்கமலத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"அரசே, செங்கமலம் பெண். நிறம் கறுப்பு. பிறந்தது மலைக்குடியில். தங்களைப் போல எந்த விதத்தில் இருக்கிறாள்? என் மருமகனைப் பாருங்கள், தங்களைப் போலவே நெடிய உருவம்."

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே அரசர் தலையசைத்தார். செங்கமலத்தின் பதவி அமைச்சரின் மருமகனுக்குப் போயிற்று.

அவை விகடர் மருதவாணருக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனாலும் பணிவாகச் சொன்னார்: "ஒருவரை மாற்றினால் போதுமா, அரசே? எல்லோரையும் தங்களைப் போலவே ஆக்கும் பொறுப்பை எனக்குத் தாருங்கள்."

"தந்தேன்" என்றார் அரசர்.

மறுநாள் காலை மழை கொட்டியது. அவைக்குள் நுழைந்த வல்லபராயர் வாசலிலேயே திகைத்து நின்றார். உள்ளே அத்தனை பேரும் அரசர்கள். தலையில் மஞ்சள் பூசிய ஓலைக் கிரீடம், ஆளுக்கொரு ஆசனம், கால்மேல் கால். அரச ஆணையாயிற்றே, யாரால் மீற முடியும்? ஒருவரும் எழுந்து வணங்கவில்லை. வல்லபராயர் தம் ஆசனத்தில் போய் அமர்ந்தார்.

"தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்றார்.

"தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்றது அவை. யாரும் அசையவில்லை.

அப்போது ஏரிக்காவலன் நனைந்தபடி ஓடிவந்தான். "அரசே, ஏரி கரை தளும்புது. இப்பவே மதகைத் திறந்தாகணும்."

அரசர் அமைச்சரின் மருமகனைப் பார்த்து, "மதகைத் திற" என்றார்.

அவன் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, காவலனைப் பார்த்து, "மதகைத் திற" என்றான்.

"மருதவாணரே, என்ன கூத்து இது?"

"தாங்கள் என்றைக்காவது மதகு திறந்ததுண்டா, அரசே? தங்களைப் போலவே இருப்பவர்களுக்கும் அது வராது."

அரசர் மழையில் இறங்கி ஓடினார். அவையும் பின்னாலேயே ஓடியது. ஏரிக்கரையின் அடியில் செங்கமலம் காவலர்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். பதவி போனவளை மேலே விட அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

"வழி விடுங்கள்" என்று அரசர் கத்தினார்.

அரசரும் கரையேறி நிற்க, அவள் மதகின்மேல் ஏறினாள். ஆட்களை இருபுறமும் நிறுத்தி, நெம்புகோலுக்குத் தன் தோளையும் கொடுத்தாள். மதகு திறந்தது. காலடியில் கரை அதிர, யானைக்கூட்டம் பிளிறுவதுபோல வெள்ளம் வாய்க்காலில் பாய்ந்தது. ஊர் தப்பியது. அவ்வளவு தண்ணீரையும், அதற்கு மேலே நின்ற அந்தச் சிறிய உருவத்தையும் பார்த்த வல்லபராயர் தம்மையறியாமல் கைகூப்பினார்.

"மன்னித்துவிடு, அம்மா. பதவி உன்னுடையதுதான்."

"முதல்ல கரையை விட்டு இறங்குங்க, அரசே. வழுக்கும்."

அவைக்குத் திரும்பியதும் அரசர் ஆணையிட்டார்: "இனி அரசுப் பணிக்கு வருபவரிடம் வேலை தெரியுமா என்று மட்டுமே கேட்க வேண்டும். குலத்தையும் நிறத்தையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்த்து ஒதுக்குபவர், அந்த நொடியே பதவி இழப்பார்."

கோவிந்தராயர் தலைகுனிந்தார். கிரீடத்து மஞ்சள் கரைந்து அவர் மூக்கு நுனியில் சொட்டியது. அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே தம் முத்துமாலையைக் கழற்றி மருதவாணர் கழுத்தில் போட்டார்.

"வேறென்ன வேண்டும், கேளும்."

"இந்த ஆசனங்களெல்லாம் ஊரார் வீட்டில் இரவல் வாங்கியவை. திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டும். இங்கே எல்லோரும் அரசர்களாக அல்லவா இருக்கிறார்கள்?"

வல்லபராயர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் ஆசனத்தைத் தாமே தூக்கினார். கோவிந்தராயர் அவசர அவசரமாக அடுத்ததைத் தூக்கினார்.