யானை கடக்கும் நேரம்

மலைக்குப் போய்விடுவதென்று தில்லைநாயகம் முடிவு கட்டிவிட்டார். பெட்டி கட்டியாயிற்று. சாயங்கால பஸ்ஸுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று. குருவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குரு கோமதியம்மாவுக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. அவர் குருவை "அம்மா" என்பார், குரு அவரை "ஐயா" என்பார். யாருக்கு யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

அம்மாவின் வீடு நகரத்தின் நட்டநடுவில், பழைய கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. எந்தக் காலத்து ராஜாவோ திருவிழாவுக்கென்று கட்டிய மண்டபம். ராஜா போனார், கடைகள் வந்தன. தூணுக்குத் தூண் வளையலும் குங்குமமும் பித்தளைச் சொம்பும். நடுவில் இரண்டு வரிசையாகத் தையல்காரர்கள். காலையில் மிதிக்க ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை மெஷின்கள் ஓயாது. கல்கூரை அந்தச் சத்தத்தை வெளியே விடாமல் திரும்ப உள்ளேயே கொட்டும்.

தில்லைநாயகத்துக்கு அந்த இடம் வேப்பங்காய். ரயிலில் கார்டாக இருந்து, கடைசிப் பெட்டியில் தடதடத்தே காலம் தள்ளியவர்தான். ஆனாலும் ரயிலைவிடத் தையல் மெஷின் அவருக்குப் பெரிய சத்தமாகப் போயிற்று. வந்து பல மாதமாகியும் மண்டபத்துக்குள் கால் வைத்ததில்லை. பின்சந்து வழியாகத்தான் போக்குவரத்து. தியானத்துக்கு உட்காரும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் மலைக்குப் போறேன்."

"மலையில என்னய்யா இருக்கு?"

"ஒண்ணுமே இல்லம்மா. அதான் போறேன். ஒரு ஆசிரமத்துல குடில் குடுக்குறாங்க. குருவி கத்தினாத்தான் உண்டாம்."

"நல்லது."

"உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. இங்க மனசு அடங்க மாட்டேங்குது. இந்த மெஷின் அடங்கினாத்தானே மனசு அடங்கும்?"

அம்மா எழுந்து செருப்பை மாட்டினார்.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்குல்ல? வாங்க, மண்டபத்துக்குள்ள ஒரு நடை நடந்துட்டு வருவோம். ஊரை விட்டுப் போறீங்க, அதையும் ஒரு தடவை பார்த்துடுங்க."

குரு கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளப் போகிற பிள்ளை மாதிரி பின்னால் நடந்தார்.

அம்மாவுக்கு அவசரமே இல்லை. வளையல் கடையில் ஒரு பச்சை வளையலைக் கையில் ஏற்றிப் பார்த்தார். கழற்றி வைத்துவிட்டு, கடைக்காரியிடம் மகளின் பிரசவத்தைப் பற்றி விசாரித்தார். ஒரு தூணில் யாளியின் கொம்பில் இடுப்புப் பட்டைகள் தொங்கின. யாளி அதற்கு ஆட்சேபம் சொன்னதாகத் தெரியவில்லை. அம்மா வறுகடலை வாங்கி, பாதியைச் சீடரின் கையில் கொட்டினார். அந்த நிழலும் அந்தக் கூட்டமும் அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும்.

தில்லைநாயகம் ஒன்றையும் பார்க்கவில்லை. தரையில் பாவியிருந்த கல்லையே பார்த்துக்கொண்டு, எப்போது மறுவாசல் வரும் என்று நடந்தார்.

அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் யானை பவளம் சாயங்காலம் குளித்துவிட்டுக் கிழக்கு வாசலைக் கடந்து போகும். குட்டியாக இந்த ஊருக்கு வந்த புதிதில், மெஷின் சத்தத்தில் மிரண்டு ஓடிவிட்டதாம். அன்றிலிருந்து, வாசலோரத்துத் தையல்காரர் காசிம் பாய் துணி அளக்கும் தன் கெஜக்கோலைத் தூக்கிக் காட்டினால், எல்லாரும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். யானை கடக்கும்வரை பேச்சும் இல்லை, பேரமும் இல்லை. யாரும் போட்ட சட்டமில்லை. மீறினவரும் இல்லை.

காசிம் பாயின் கோல் உயர்ந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வளையல்காரி சரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, அப்படி. தையல்காரர்கள் இருக்கிற இடமில்லையா, எங்கோ ஓர் ஊசி விழவும் செய்தது. கேட்டது.

நம்மவருக்கு இது எதுவும் தெரியாது. காதில் பஞ்சு, கண்ணெல்லாம் தரை. இரைச்சலை மீறிக் கேட்கவேண்டுமே என்று கரடியாகக் கத்தினார்.

"என்னால முடியலம்மா! என்ன இரைச்சல், என்ன இரைச்சல்! நீங்க எப்படித்தான் இங்க இருக்கீங்களோ! மண்டைக்குள்ள நூறு மெஷின் ஓடுது!"

ஓடுது, ஓடுது, ஓடுது என்று கல்தூண்கள் ஒப்பித்தன.

யானை வாசலிலேயே நின்றுவிட்டது. காதை விரித்து மண்டபத்துக்குள் பார்த்தது. பாகன் அதன் கன்னத்தைத் தடவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தான். வாசலோரம் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

காசிம் பாய் பூனை நடை நடந்து வந்து, தில்லைநாயகத்தின் தோளைத் தொட்டார். வாயில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு வாசலைக் காட்டினார்.

தில்லைநாயகம் நிமிர்ந்தார். மண்டபமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, யானை உட்பட. ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். இன்னொன்றிலிருந்தும் எடுத்தார்.

ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரமாக இல்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

பவளம் நீளமாக ஒரு மூச்சு விட்டது. அது அவருக்குக் கேட்டது. பிறகு யானை தன் வழியே போயிற்று. காசிம் பாய் கோலைத் தாழ்த்தினார்.

"பரவால்லய்யா. பவளம் பெருந்தன்மையான பொண்ணு. மனசுல வச்சுக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். தில்லைநாயகத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு மீதி மண்டபத்தை நடந்தார்.

மறுவாசலில் நின்று கேட்டார்.

"நான் கத்தும்போது மெஷின் நின்னு ரொம்ப நேரம் ஆச்சாம்மா?"

"கொஞ்ச நேரந்தான்."

"எனக்கு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

"ம்."

"இப்ப நான் மலைக்குப் போகட்டுமா, வேண்டாமாம்மா?"

"தாராளமாப் போங்கய்யா. நல்ல இடந்தான்."

அம்மா கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு, கையைத் தட்டிவிட்டார்.

"ஆனா அங்க இதைவிட நல்லா எதிரொலிக்கும்."