முத்திரை வைத்த மாம்பழம்

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில், மாம்பழம் என்றால் ராஜ்ஜியத்தையே மறந்துவிடும் ராஜா ஒருவர் இருந்தார். ஒரு சித்திரை மாதம் சாவகத் தீவிலிருந்து சுராதி என்ற வணிகன் கிராம்பு கொண்டுவந்தான். ராஜா நீட்டிய மாம்பழத்தைப் பார்த்ததும், "மெம்பெலம்" என்று முகம் மலர்ந்தான்.

"உங்கள் நாட்டில் இதற்கு அப்படியா பெயர்? யார் சொல்லிக் கொடுத்தது?"

"உங்கள் மாலுமிகள்தான், மகாராஜா. அவர்கள் சொல்லக் கேட்டு நாங்களும் சொல்கிறோம்."

சுராதி தங்கியிருந்தது விகடகவி சாத்தப்பன் வீட்டில். சாத்தப்பனைக் கண்டாலே அவைப் பண்டிதர் லம்போதரருக்கு ஆகாது. "அரசே, கேளாமல் எடுத்தது களவு. நம் சொல்லைத் திருப்பித் தரும்வரை இவன் கப்பலைப் பிடித்து வையுங்கள்" என்று கொளுத்திப் போட்டார். ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. சரி என்றுவிட்டார்.

சுராதி கெஞ்சிப் பார்த்தான். கப்பலைக் கொண்டுபோகும் பருவக்காற்று திசை மாறிவிட்டால் ஒரு வருஷம் ஊர் போக முடியாது. அங்கே மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். சாத்தப்பனுக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"நியாயம்தான், அரசே. களவுப் பொருள் பிடிபட்டால், வழக்கு முடியும்வரை அது அரண்மனை முத்திரையில் இருக்க வேண்டும். உடையவரும் தொடக்கூடாது. அதுதானே நம் வழக்கம்? ஆகவே இன்றுமுதல் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாது."

ராஜா தலையாட்டினார். ஊரெல்லாம் பறையறைந்தார்கள். எந்தச் சொல் என்று சொல்ல முடியாமல், பறையறைந்தவன் படம் எழுதிக் காட்டினான்.

அரண்மனையில் இன்னொரு வழக்கமும் உண்டு. பரிசாரகன் எதையும் பெயர் சொல்லித்தான் ராஜாவின் இலையில் வைக்க வேண்டும். அன்று மத்தியானம் சோறு என்றான், குழம்பு என்றான், அப்பளம் என்றான். கடைசித் தட்டை எடுத்துவந்து திருதிருவென விழித்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டான். மறுநாளும் அதே கதைதான்.

மூன்றாம் நாள் ராஜா பண்டிதர்மேல் சீறினார். "இத்தனையும் உம்மால் வந்தது."

பண்டிதர் பதறினார். "ஒரு மாம்பழத்துக்காகவா, அரசே, அடியேன்மேல் இவ்வளவு கோபம்?"

காவலன் அவர் தோளில் கை வைத்தான்.

"களவுபோன பொருள் பண்டிதர் வாயிலேயே இருக்கிறதே, அரசே" என்றார் சாத்தப்பன். "சுராதியிடமும் இருக்கிறது. எடுத்தும் குறையாததைக் களவு என்பார்களா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பண்டிதரை விடச் சொன்னார். கல்யாணச் சீராகப் பட்டு ஏற்றி, சுராதியின் கப்பலையும் அனுப்பிவைத்தார். சாத்தப்பனுக்கு அரண்மனைத் தோட்டத்தின் இனிப்பான பழம் தரும் மாமரம் பரிசாகக் கிடைத்தது.

அதன் முதல் பழத்தைச் சாத்தப்பன் அரக்கு முத்திரை வைத்துப் பண்டிதருக்கு அனுப்பினார். பண்டிதர் தின்று முடித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மெம்பெலம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றாராம்.